மன்னிப்பு மணியோசையும் மயானச் சுவரும்

சக்கர நாற்காலியிலே அமர்ந்து வந்தார் ஒரு முதியவர். வயது 85. வெண்ணிற அங்கி, களைத்த முகம், கையிலே ஓர் அறிக்கை. உலகெங்கும் நூறு கோடிக்கு மேற்பட்ட மக்கள் 'திருத்தந்தை' என்று போற்றிய போப் பிரான்சிஸ் அவர்! வந்த இடம் வானளாவும் தேவாலயமா? இல்லை. வரவேற்றவர்கள் வல்லரசுத் தலைவர்களா? அவர்களும் இல்லை. இறகு முடி தரித்த ஆதிக்குடித் தலைவர்கள்! கனடா நாட்டிலே, ஆல்பர்ட்டா மாநிலத்திலே, மாஸ்குவாசிஸ் என்னும் ஊர். நாள் 2022 ஜூலை 25. முதலிலே இடுகாட்டுக்குச் சென்றார். வாய் திறவாது சிறிது நேரம் அமர்ந்திருந்தார். பிறகு கூட்டத்தின் முன்னே வந்து, கிறிஸ்தவர்கள் பலர் உங்களுக்கு இழைத்த தீமைக்காக மன்னிப்புக் கேட்கிறேன் என்றார்.

கேட்டவர்கள் சிலர் அழுதனர். சிலர் கைதட்டினர். சிலர் கை கட்டி நின்றனர் — 'கேட்டுவிட்டாய். இனி என்ன செய்யப் போகிறாய்?' என்று கேட்பதுபோல!

அந்தக் கேள்வியைத்தான், தோழர்களே, நாமும் இன்று எடுத்துக்கொள்கிறோம். கனடா எங்கே, நிலக்கோட்டை எங்கே, இதென்ன வம்பு என்று எண்ணவேண்டாம். கொஞ்சம் பொறுங்கள், தொடர்பு உண்டு, காட்டுகிறோம்.

அந்த நாட்டிலே நடந்தது என்ன? நூறாண்டுக்கும் மேலாக, ஆதிக்குடி மக்களின் குழந்தைகளைத் தாயின் மடியிலிருந்து பறித்து, தொலைதூர விடுதிப் பள்ளிகளிலே அடைத்தார்கள். பணம் சர்க்காருடையது, பள்ளியை நடத்தியவர்கள் பாதிரிமார். அப்படிப் பறிக்கப்பட்ட பிள்ளைகள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல்! நீண்ட கூந்தலை வெட்டினார்கள். பெற்றோர் இட்ட பெயரை மாற்றினார்கள். தாய்மொழியிலே ஒரு வார்த்தை பேசினால் தண்டனை! தாய்மொழிக்காகச் சிறை கண்ட நமக்கு, அந்தத் தண்டனையின் கொடுமையை விளக்கவும் வேண்டுமோ? நோயிலும் பசியிலும் மாண்ட குழந்தைகள் ஆயிரக்கணக்கிலே. கடைசிப் பள்ளிகள் மூடப்பட்டது 1990-களிலேதான்.

அங்கே மன்னிப்பு ஒரே நாளில் வந்துவிடவில்லை. ஐக்கிய திருச்சபை 1986-லே கேட்டது. ஆங்கிலிக்கன் திருச்சபை 1993-லே. பிரெஸ்பிட்டேரியன் திருச்சபை 1994-லே. பிறகு உண்மை அறியவும் ஒப்புரவு காணவும் ஓர் ஆணையம் 2008-லே அமைந்தது. ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோரின் வாக்குமூலத்தை, ஊர் ஊராகச் சென்று, உட்கார்ந்து கேட்டார்கள். 2015-லே 94 கோரிக்கைகளை வைத்தார்கள். போப் கனடா மண்ணுக்கே வந்து மன்னிப்புக் கேட்கவேண்டும், அதுவும் ஓராண்டுக்குள்ளே என்பது அவற்றிலே ஒன்று. ஓராண்டு ஏழாண்டாயிற்று! எனினும் வந்தார்.

பணக் கதையையும் சொல்லிவிடுகிறோம். 2006-லே ஏற்பட்ட உடன்பாட்டின்படி, கத்தோலிக்க அமைப்புகள் இரண்டரைக் கோடி டாலர் திரட்ட முயல்வதாக வாக்களித்தன. திரண்டது நாற்பது லட்சத்துக்கும் குறைவு! மாளிகை போன்ற ஆலயங்கள் எழுப்பப் பணம் கிடைத்தது. மாண்ட பிள்ளைகளின் உறவினருக்குக் கொடுக்க மட்டும் உண்டியல் காலி! ஊர் சிரித்தபின், 2021-லே, மூன்று கோடி டாலர் தருவதாக ஆயர்கள் மீண்டும் உறுதி கூறினர். வாயிலே வருகிற மன்னிப்புக்கும் கையிலிருந்து வருகிற பரிகாரத்துக்கும் எவ்வளவு தூரம், பார்த்தீர்களா?

இருந்தாலும் ஒன்றை ஒப்புக்கொள்ளவேண்டும். 2023 மார்ச் 30 அன்று வாடிகன் ஓர் அறிக்கை வெளியிட்டது. 1452, 1455, 1493 ஆகிய ஆண்டுகளிலே போப்பரசர்கள் போர்த்துக்கல் மன்னருக்கும் ஸ்பெயின் மன்னருக்கும் பட்டயங்கள் தந்திருந்தார்கள். 'கண்டுபிடித்த' மண்ணெல்லாம் கண்டவனுக்கே சொந்தம் என்ற கொள்கைக்கு அவையே ஆதாரமாகப் பிற்காலத்திலே காட்டப்பட்டன. அந்தக் கொள்கை எங்கள் போதனை அல்ல என்று வாடிகன் கைகழுவிற்று. ஐந்நூறு ஆண்டுக் காகிதத்தையும் தேடி எடுத்து, தவறு என்று சொல்ல முடியும் என்பதற்கு இது சாட்சி. இதை நினைவிலே வைத்துக்கொள்ளுங்கள், பின்னாலே தேவைப்படும்.

இப்போது நம்மூருக்கு வருவோம்.

நிலக்கோட்டை பூச்சந்தையை அறியாதார் யார்? விடியுமுன்னே தோட்டத்திலே குனிந்து மல்லிகை மொட்டைப் பறிக்கிற கைகள் யாருடைய கைகள்? பெரும்பாலும் உழைத்து உழைத்து ஓடாய்ப்போன ஏழைப் பெண்களின் கைகள். அவர்களிலே மாரியம்மாளும் உண்டு, மரியம்மாளும் உண்டு. ஒரே சேரி, ஒரே கூலி. பறித்த பூ கோயிலுக்கும் போகிறது, மாதா கோயிலுக்கும் போகிறது. கல்யாணத்துக்கும் கல்லறைக்கும் போகிறது. பூவுக்கு எந்த வாசலிலும் தடையில்லை. பறித்தவளுக்கு?

இந்த மண்ணின் ஆதிக்குடி யார்? பெயரிலேயே விடை இருக்கிறதே! 'பஞ்சமர்' என்றும் வேறு இழிபெயராலும் அழைக்கப்பட்ட மக்களை 'ஆதி திராவிடர்' என்றே இனி அழைக்கவேண்டும் என்று எம்.சி.ராஜா சட்டசபையிலே குரல் எழுப்பி, 1922-லே நீதிக்கட்சி ஆட்சியிலே வெற்றி கண்டார். ஆதி — அதாவது, முதலிலே இருந்தவன்! முதலிலே இருந்தவனைக் கடைசியிலே நிறுத்திய கொடுமை கனடாவுக்கு மட்டும் சொந்தமல்ல, நமக்கும் சொந்தம்.

அந்தக் கொடுமையிலிருந்து தப்பத்தான் பல்லாயிரவர் சிலுவையின் நிழலைத் தேடினார்கள். 'வருத்தப்பட்டுப் பாரம் சுமப்பவன் இங்கே வரலாம்' என்றல்லவா அழைப்பு! வந்தார்கள். வந்த இடத்திலே என்ன கண்டார்கள்?

நம் மதுரைக்கு 1606-லே வந்தார் இத்தாலியப் பாதிரியார் ராபர்ட் தெ நொபிலி. நல்ல தமிழறிஞர், மறுக்கவில்லை. ஆனால் காவி கட்டி, மேல்சாதியாரை இழுக்க, மேல்சாதியார்போலவே வாழ்ந்தார். பூணூலும் குடுமியும் சமயம் சார்ந்தவை அல்ல, சமூக வழக்கமே என்று வாதிட்டார். அவருக்குப் பின்னே, மேல்சாதிக்கு ஒரு வகைப் பாதிரியார், மற்றவர்க்கு 'பண்டாரசாமி' என்று வேறு வகைப் பாதிரியார் — ஒரே ஏசுவுக்கு இரண்டு வாசல்! விவகாரம் ரோமாபுரி வரை போயிற்று. 1623-லே போப் பதினைந்தாம் கிரகோரி, பூணூலுக்கும் குடுமிக்கும் அனுமதி வழங்கினார். கூடவே, தாழ்ந்த நிலையில் இருப்போரை ஆலயத்திலே இகழாதீர் என்று புத்திமதியும் சொன்னார். நடந்தது என்ன? அனுமதி ஆலயத்துக்குள் நுழைந்தது; புத்திமதி அலமாரிக்குள் நுழைந்தது!

புராட்டஸ்டண்டு சபையார் மட்டும் யோக்கியர்களோ? அவர்களிடையேயும் சாதி இருந்தது. 1833-லே கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன், சபைக்குள்ளே சாதி கூடாது என்று கண்டிப்பான கட்டளை போட்டார். தஞ்சையிலே வேளாளக் கிறிஸ்தவர்கள் கொதித்தெழுந்தார்கள். பறையரோடு ஒன்றாக அமர்ந்து நற்கருணை வாங்குவதைவிட வெளியேறுவதே மேல் என்று பலர் விலகினார்கள். ஆண்டவனை விட்டாலும் விடுவோம், சாதியை விடோம் என்றார்கள்!

வடக்கன்குளத்துக் கதையைக் கேளுங்கள். நெல்லைச் சீமையிலே அந்த ஊர். அங்கே 1872-லே ஒரு கோயில் கட்டினார்கள். கால்சட்டையைப் போல இரண்டு கால்! ஒரு காலிலே வேளாளர் முதலானோர், மறு காலிலே நாடார் முதலானோர். இரண்டும் சேரும் இடத்திலே பலிபீடம். ஆண்டவன் நடுவிலே நின்று, இந்தப் பக்கம் பார்ப்பதா அந்தப் பக்கம் பார்ப்பதா என்று திகைத்திருப்பான்! 1910-லே அந்தத் தடுப்பு இடிக்கப்பட்டது. காரணமாயிருந்தவர் கௌசானல் பாதிரியார். மேல்சாதியார் சும்மா இருப்பார்களா? கோர்ட்டுக்குப் போனார்கள். சென்னை உயர்நீதிமன்றம் வரை நடந்து, தோற்றார்கள். சாதிச் சுவருக்குச் சட்டத்திலே இடமில்லை என்றாயிற்று.

கவனியுங்கள், தோழர்களே! அங்கே யாரும் மன்னிப்பு மடல் வாசிக்கவில்லை. கடப்பாரை பேசிற்று! மன்னிப்பிலே சிறந்த மன்னிப்பு அதுவே என்போம்.

ஆனால் நாடெங்கும் கடப்பாரை போகவில்லையே! திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தின் குறுக்குச் சுவர் உலகப் புகழ் பெற்றுவிட்டது. இந்தப் பக்கம் சாதிக் கிறிஸ்தவர் பிணம், அந்தப் பக்கம் தாழ்த்தப்பட்ட கிறிஸ்தவர் பிணம். உயிரோடு இருக்கும்போது தொட்டால் தீட்டு என்றார்கள்; செத்த பிறகுமா? மண்ணுக்குள்ளே புழுவுக்குத் தெரியுமா, எது மேல்சாதிச் சதை, எது கீழ்சாதிச் சதை என்று! உயிர்த்தெழும் நாளிலே எல்லோரும் எழுவார்கள் என்று போதிக்கிறார்களே, அன்று அந்தச் சுவரை எந்தப் பக்கத்தான் தாண்டவேண்டும்?

அன்றைய விழுப்புரம் மாவட்டத்து இறையூரிலே 2008 மார்ச்சிலே நடந்தது இன்னும் கொடிது. தாழ்த்தப்பட்ட கிறிஸ்தவர்கள் சம மரியாதை கேட்டார்கள், கிடைக்கவில்லை, தங்களுக்குத் தனிப் பங்கு வேண்டும் என்றார்கள். கலவரம் மூண்டது. துப்பாக்கிச் சூடு நடந்து இருவர் மாண்டனர். ஒரே மாதாவைக் கும்பிடும் இரு சாராருக்கிடையே ரத்தம்!

திருச்சபைத் தலைவர்கள் அறியாதவர்களா? 2003 நவம்பரிலே, ரோமாபுரி சென்ற தமிழ்நாட்டு ஆயர்களைப் பார்த்து, சாதிப் பாகுபாட்டை எதிர்த்து நில்லுங்கள் என்று போப் இரண்டாம் ஜான் பால் எச்சரித்தார். 2016 டிசம்பரிலே இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவையே ஒரு கொள்கை அறிக்கை வெளியிட்டு, தீண்டாமை நம் சபைக்குள்ளே இருக்கிறது, அது பாவம், தலைமைப் பதவிகளிலே தாழ்த்தப்பட்டோர் மிகமிகக் குறைவு என்று ஒப்புக்கொண்டது. நாட்டிலுள்ள ஏறத்தாழ 1 கோடியே 90 லட்சம் கத்தோலிக்கரிலே 1 கோடியே 20 லட்சம் பேர் தாழ்த்தப்பட்டோர் என்று கணக்கும் தந்தது. மூன்று பேரிலே இரண்டு பேர்! அந்த இருவருக்குத்தான் கடைசி இடம். 2022 ஆகஸ்டிலே ஐதராபாத் பேராயர் அந்தோணி பூலா கர்தினால் ஆனார். தாழ்த்தப்பட்ட சமூகத்திலிருந்து முதல் கர்தினால் என்று மகிழ்ந்தோம். மகிழ்ச்சிதான், ஆனால், 'முதல்வர்' வருவதற்கு இத்தனை நூற்றாண்டு ஆயிற்றே!

இவ்வளவும் அவர்கள் வீட்டு விவகாரம், கழகத்துக்கு என்ன வேலை என்று கேட்பார் உண்டு. வேலை இருக்கிறது. ஒரு செருப்புத் தொழிலாளியின் கதையைச் சொன்னால் விளங்கும்.

சென்னைச் சாலையோரம் வெயிலிலே அமர்ந்து செருப்புத் தைத்துப் பிழைத்தவர் அவர். தாழ்த்தப்பட்ட செருப்புத் தொழிலாளருக்குச் சர்க்கார் இலவசமாகப் பெட்டிக்கடை கொடுத்தது. பக்கத்திலே அமர்ந்திருந்தவருக்குக் கிடைத்தது. இவருக்கு இல்லை. ஏன்? இவர் கிறிஸ்தவர்! ஒரே சாதி, ஒரே தொழில், ஒரே வெயில். ஒருவருக்கு நிழல், ஒருவருக்கு இல்லை. வழக்கு உச்சநீதிமன்றம் போயிற்று. 1985-லே தீர்ப்பு. கிறிஸ்தவரான பிறகும் அதே சாதிக் கொடுமை, அதே அளவிலே தொடர்கிறது என்பதற்கு ஆதாரம் எங்கே என்று நீதிமன்றம் கேட்டது. போதிய ஆதாரம் இல்லை என்று மனுவைத் தள்ளிற்று.

புரிகிறதா தோழர்களே, எங்கே முடிச்சு விழுகிறது என்று? எங்கள் சபையிலே சாதி கிடையாது என்று மேடையிலே பாதிரியார் பெருமை பேசப் பேச, நடைபாதையிலே அந்தத் தொழிலாளியின் வழக்கு நொறுங்குகிறது! ஒப்புக்கொண்டால் சபையின் மானம் போகுமே என்று மறைத்தார்கள்; மறைத்ததால் ஏழையின் பெட்டிக்கடை போயிற்று. மன்னிப்பு என்பது இங்கே வெறும் மனச்சாந்தி விஷயமல்ல. அது சாட்சியம்! அது ஏழையின் வயிற்றோடு தொடர்புடையது.

சட்டம் என்ன சொல்கிறது? 1950 ஆகஸ்டு 10 அன்று குடியரசுத் தலைவர் ஆணை பிறந்தது. இந்துவாக இருந்தால்தான் தாழ்த்தப்பட்டோர் பட்டியலிலே இடம் என்றது. 1956-லே சீக்கியருக்குக் கதவு திறந்தார்கள்; 1990-லே பௌத்தருக்குத் திறந்தார்கள். கிறிஸ்தவருக்கும் முஸ்லிமுக்கும் பூட்டிய பூட்டு பூட்டியபடி! தமிழ்நாட்டிலே பிற்பட்டோர் பட்டியலிலே சேர்த்திருக்கிறார்கள். ஆனால் 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பு இல்லை. அடிப்பவன் சாதி பார்த்து அடிக்கிறான். வழக்கு எழுதும்போது மதம் பார்த்து எழுதவேண்டும்!

நிலக்கோட்டையிலே நின்று மேற்கே பாருங்கள் — மலை. அங்கே வாழும் பளியர் ஞானஸ்நானம் பெற்றாலும் சட்டப்படி பழங்குடிதான், உரிமை போகாது. நியாயம், வரவேற்கிறோம். அந்த மலையின் அடிவாரத்திலே, தலைமுறை தலைமுறையாகச் சேரியிலே வாழ்பவன் அதே தண்ணீரைத் தலையிலே தெளித்துக்கொண்டால் உரிமை ஆவியாகிவிடுகிறது! நம் நிலக்கோட்டை தனித் தொகுதி. தாழ்த்தப்பட்ட கிறிஸ்தவன் இங்கே ஓட்டுப் போடலாம், கொடி பிடிக்கலாம், சுவரொட்டி ஒட்டலாம். வேட்பாளராக மட்டும் நிற்க முடியாது! மலைமீது ஒரு நீதி, மலையடியிலே ஒரு நீதி. இது எந்த ஊர் நியாயம்?

உங்கள் மதத்திலேதான் சாதி கிடையாதே, பிறகு ஏன் சலுகை என்று குத்திக் காட்டுகிறார்கள் மதவெறிக் கூட்டத்தார். சாதியை உண்டாக்கியவர்கள் கேட்கிற கேள்வி இது! வீட்டுக்குத் தீ வைத்தவன், ஓடிப்போனவனைப் பார்த்து, 'உனக்கு இன்னும் ஏன் புண் ஆறவில்லை?' என்று கேட்பதைப் போல! அவர்கள் கையிலே நம் கட்டுரை ஆயுதமாகிவிடக் கூடாது. ஆகவே தெளிவாகச் சொல்கிறோம். மாதா கோயிலை மூடவேண்டும் என்பது அவர்கள் ஆசை; மாதா கோயிலின் எல்லாக் கதவும் எல்லோருக்கும் திறக்கவேண்டும் என்பது நம் ஆசை. பாதிரிமார் நடத்திய பள்ளியிலே அரிச்சுவடி படித்த ஏழைகள் எத்தனை ஆயிரம் பேர்! அந்த நன்றியை மறப்பவர்கள் அல்ல நாம். நன்றி இருப்பதால்தான் உரிமையோடு கேட்கிறோம்.

2007-லே ரங்கநாத் மிஸ்ரா ஆணையம், மதத்தையும் பட்டியலையும் பிரித்துவிடுங்கள் என்று பரிந்துரைத்தது. 2022 அக்டோபரிலே, ஆராய்வதற்கென்று பாலகிருஷ்ணன் ஆணையத்தை மத்திய சர்க்கார் அமைத்தது, இரண்டாண்டுத் தவணை, தவணை முடிந்தது, நீட்டினார்கள். 2023 ஏப்ரல் 19 அன்று தமிழ்நாடு சட்டமன்றம், முதலமைச்சராக இருந்த மு.க.ஸ்டாலின் முன்மொழிய, தாழ்த்தப்பட்ட கிறிஸ்தவருக்கும் பட்டியல் உரிமை வழங்குக என்று தீர்மானம் நிறைவேற்றியது. தீர்மானம் டில்லி போயிற்று. டில்லியின் காது நமக்குத் தெரியாததா?

டில்லியின் காதைத் திறக்கவேண்டுமானால் திருச்சபையின் வாய் திறக்கவேண்டும். என்ன கேட்கிறோம்?

முதலாவது: கனடாவிலே செய்ததுபோல, முதலில் காது கொடுங்கள். மறைமாவட்டம்தோறும், பங்குதோறும், தாழ்த்தப்பட்டவர் பேசட்டும், ஆயர் கேட்கட்டும். எந்தக் கல்லறையிலே சுவர், எந்தத் தேர் எந்தத் தெருவுக்கு வர மறுக்கிறது, எந்தத் திருவிழாவிலே யாரிடம் வரி வாங்க மறுக்கிறார்கள் — எழுதுங்கள், அச்சிடுங்கள், ஆணையத்தின் மேசையிலே வையுங்கள்.

இரண்டாவது: மன்னிப்பை டில்லியிலே அச்சடித்த அறிக்கையோடு முடிக்காதீர்கள். சேரிக்கு வாருங்கள். கர்தினாலோ ஆயரோ, கல்லறைச் சுவரின் 'அந்தப் பக்கம்' நின்று சொல்லட்டும். சொல்லிவிட்டு, வடக்கன்குளத்துக் கடப்பாரையைக் கையிலே எடுக்கட்டும்.

மூன்றாவது: பள்ளி, கல்லூரி, மருத்துவமனை எல்லாம் உங்கள் வசம். இடமும் வேலையும் எத்தனை பேருக்குத் தந்தீர்கள் என்று ஆண்டுதோறும் கணக்குக் காட்டுங்கள். ஆயக்காரன் சகேயு, ஏய்த்ததை நாலு மடங்காகத் திருப்பித் தருவதாகச் சொன்னான் என்று உங்கள் வேதமே கூறுகிறதே! நாங்கள் நாலு மடங்கு கேட்கவில்லை. சரி பங்கு கேட்கிறோம்.

நான்காவது: ரோமாபுரிக்கு. 1493-ஆம் ஆண்டுப் பட்டயத்தைப் பற்றிப் பேச முடிந்ததே. 1623-ஆம் ஆண்டு அனுமதியைப் பற்றியும் ஒரு வார்த்தை பேசுங்கள். கனடா ஆதிக்குடியின் கண்ணீரும் தமிழ்நாட்டு ஆதிக்குடியின் கண்ணீரும் ஒரே உப்புத்தான்!

அடுத்தவன் முதுகைக் காட்டிவிட்டோம். நம் முதுகையும் காட்டவேண்டாமா? மேடையிலே சமத்துவம் முழங்கிவிட்டு, ஊருக்குப் போனதும் சாதிக் கல்லறைக்குக் காவல் நிற்கிற கழகத்தவன் ஒருவனும் இல்லையா? இரண்டு டம்ளர் டீக்கடையிலே கருப்புச் சிவப்புத் துண்டோடு அமர்ந்து, கண்ணை மூடிக்கொண்டு டீ குடிப்பவன் இல்லையா? ஓட்டுப் போய்விடுமே என்று, சாதிக் கிறிஸ்தவரிடமும் பேசாமல், சாதி இந்துவிடமும் பேசாமல் நழுவுகிற கிளைச் செயலாளர் இல்லையா? பாவசங்கீர்த்தனம் பாதிரியாருக்கு மட்டுமல்ல, நமக்கும் வேண்டும். வைக்கத்திலே 1924-லே பெரியார் சிறை சென்றது, தான் நடக்கத் தடையில்லாத தெருவுக்காக. நடக்க முடியாதவன் நடக்கவேண்டும் என்பதற்காக! அந்தப் பாடத்தை மறந்தால், நாம் சூடும் பகுத்தறிவுப் பட்டமும் வெறும் பூணூலே!

ஆகவே, கிளைக் கழகத் தோழர்களே! உங்கள் ஊர்க் கல்லறைக்கு ஒருநாள் நடந்து போய்ப் பாருங்கள். சுவரோ வேலியோ இருந்தால், பங்குத் தந்தையிடம் பண்போடு சென்று பேசுங்கள். பாதிக்கப்பட்டவரை முன்னே நிறுத்தி, நீங்கள் பின்னே நில்லுங்கள். கல்லெறிய வேண்டாம், கலவரம் வேண்டாம். கேட்டுக்கொண்டே இருங்கள்.

நாளை விடியுமுன்னே மரியம்மாள் மீண்டும் தோட்டத்துக்குப் போவாள். அவள் பறிக்கும் மல்லிகை சுவரின் இருபுறமும் மணக்கும். அவளைப் புதைக்கும் நாளிலே சுவர் இருக்கக் கூடாது. மன்னிப்பு மணி மாஸ்குவாசிஸிலே ஒலித்துவிட்டது. நிலக்கோட்டைச் சமவெளியிலே ஒலிப்பது எந்நாள்?